தில்லிக்கு மூன்று நாள்: முதன்முறை வருவோருக்கு ஒரு பயணத் திட்டம்

தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாகத் தில்லிக்கு வருகிற உறவினர்கள் முன்கூட்டி அனுப்பும் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் இருக்கும்: செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், நேரமிருந்தால் தாஜ்மகால். இவை எல்லாம் பார்க்கத் தகுந்த இடங்களே. ஆனால் தில்லி என்ற ஒரே பெயருக்குள், வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு அரசர்கள் ஒருவர் ஊரை விட்டு விலகி மற்றொருவர் கட்டிய தலைநகரங்கள் பல அடங்கியிருக்கின்றன. குதுப்மினார் நிற்கும் மெஹ்ரௌலி தெற்குக் கோடியிலும், ஷாஜகான் கட்டிய ஷாஜகானாபாத் வடக்கிலும், ஆங்கிலேயர் கட்டிய புது தில்லி இவற்றுக்கு நடுவிலும் இருப்பதால், செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஆகிறது. புகழ் வரிசையில் இடங்களைப் பார்க்கப் புறப்படுவோர் பாதி நாளைப் போக்குவரத்து நெரிசலில் கழிக்கிறார்கள். ஆகவே இடங்களை வட்டாரமாகப் பிரித்து, ஒரு வட்டாரத்துக்கு ஒரு நாள் என்று ஒதுக்குவதே இக்கட்டுரை சொல்லும் திட்டத்தின் அடிப்படை.

முதலில் மாதம்

பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடியும் வரையிலும், அக்டோபர் மாதத்திலும் வருவது நல்லது. மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடுவதுண்டு. சென்னை வெயிலுக்குப் பழகியவர்கள் அலட்சியமாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் இங்கு வீசும் 'லூ' எனும் வறண்ட அனல்காற்றில் வியர்வை தெரியாமலே உடம்பின் நீர் வற்றிவிடும். நவம்பரில் புகைமூட்டம் கவிகிறது. ஆஸ்துமா உள்ளவர்களும் இதய நோயாளிகளும் அந்த மாதத்தைத் தவிர்ப்பதே நலம்.

பள்ளி விடுமுறையை முன்னிட்டு டிசம்பர் இறுதியில் வரத் திட்டமிடும் குடும்பங்கள் இரண்டு விஷயங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். மூடுபனியால் ரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாவது அந்தப் பருவத்தில் வாடிக்கை என்பது ஒன்று. வீடுகளும் சாதாரண விடுதிகளும் குளிருக்கு ஏற்பக் கட்டப்படவில்லை என்பது மற்றொன்று. வெளியில் நடக்கும்போது தெரியாத குளிர் இரவில் அறைக்குள் தெரியும். ஊட்டிக்கு எடுத்துச் சென்ற ஸ்வெட்டர் மட்டும் போதாது. உள்ளே அணியும் தெர்மல் உடை, காதை மூடும் குல்லா, காலுறை ஆகியவையும் தேவை. அறையில் கீஸரும் ஹீட்டரும் உண்டா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26ஐ ஒட்டிய நாள்களில் அணிவகுப்பு ஒத்திகைக்காகக் கர்தவ்ய பாதையைச் சுற்றிய சாலைகள் அடிக்கடி மூடப்படும். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாள்களில் செங்கோட்டைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. அணிவகுப்பையே பார்க்க வருகிறவர்களைத் தவிர மற்றவர்கள் இந்த நாள்களை விலக்கிவிடலாம்.

அடுத்து கிழமை

முதல்முறை வருவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம் ஆகிய அனைத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அதே திங்களன்று ஹுமாயூன் கல்லறை, குதுப்மினார், ஜந்தர் மந்தர், லோதி தோட்டம் ஆகியவை திறந்தே இருக்கும். உங்கள் மூன்று நாள்களில் திங்கட்கிழமை வருமானால், அதைத் தெற்கு வட்டாரத்துக்கு ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டு நாள்களைப் பிறகு நிரப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் சாந்தினி சௌக்கின் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கடைவீதியின் பரபரப்பைப் பார்க்க வேண்டுமென்றால் வார நாளில் செல்ல வேண்டும். கூட்டத்துக்கு அஞ்சுகிற முதியவர்களை அழைத்துச் செல்வதானால் ஞாயிறு காலைதான் பொருத்தம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜாமா மசூதியில் கூட்டுத் தொழுகை நடப்பதால் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி எனும் சூஃபி பக்திப் பாடல் கேட்க விரும்புவோருக்கு வியாழக்கிழமை மாலை ஏற்றது. ஆக்ராவுக்குப் போவதானால் தாஜ்மகாலுக்கு வெள்ளி விடுமுறை; ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து ஆக்ரா செல்லும் கதிமான் எக்ஸ்பிரஸும் அந்தக் கிழமையில் ஓடுவதில்லை. ஆக்ராவுக்கு ஒரு முழுநாள் தனியாக வேண்டும் என்பதால், மூன்று நாளில் அதையும் நுழைக்க முயல வேண்டாம்.

தங்குமிடமும் வந்து இறங்குவதும்

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில் புது தில்லி நிலையத்தை அடைகிறது. ஜி.டி. எக்ஸ்பிரஸும் அங்கேதான் வரும். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரை சம்பர்க் கிராந்தி, சென்னை ராஜ்தானி ஆகியவை ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்கு வருகின்றன. பழைய தில்லி நிலையம் இவ்விரண்டும் அன்று, அது மூன்றாவது. பயணச்சீட்டில் எந்த நிலையம் என்று பார்த்துவிட்டே விடுதியை முடிவு செய்யுங்கள்.

புது தில்லி நிலையத்துக்கு இரண்டு வாயில்கள் உண்டு. 1ஆம் நடைமேடைப் பக்கம் பஹாட்கஞ்ச். 16ஆம் நடைமேடைப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோவும் விமான நிலைய விரைவு ரயிலும் அஜ்மேரி கேட் பக்கத்தில் இருக்கின்றன. பெட்டியைச் சுமந்துகொண்டு தவறான பக்கம் இறங்கிவிட்டால் நீண்ட மேம்பாலத்தில் திரும்பி நடக்க வேண்டிவரும். நிலைய வாசலில் யாரேனும் உங்களை நிறுத்தி, 'உங்கள் முன்பதிவு ரத்தாகிவிட்டது', 'இந்த வழி மூடப்பட்டுவிட்டது', 'அரசு சுற்றுலா அலுவலகத்துக்கு அழைத்துப்போகிறேன்' என்றால் பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். நின்று விளக்கம் கேட்கத் தொடங்கினால்தான் தொல்லை.

விமானத்தில் வருவோருக்கு 3ஆம் முனையத்திலிருந்து புது தில்லி நிலையம் வரை விரைவு மெட்ரோ சுமார் 20 நிமிடத்தில் செல்கிறது. 1ஆம் முனையம் இந்தத் தடத்தில் இல்லை. அதற்கு மெஜந்தா தடத்தில் தனி நிலையம் உண்டு.

தங்குவதற்குக் கரோல்பாகைத்தான் நான் பரிந்துரைப்பேன். அரசுப் பணிக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த பகுதி அது. நடுத்தர வாடகையில் விடுதிகள் கிடைக்கும், காலையில் இட்லி கிடைக்கும், புளூ தடத்தின் மெட்ரோ நிலையம் அருகிலேயே இருக்கிறது. பஹாட்கஞ்ச் மலிவு, ஆனால் இரவிலும் சத்தம் ஓயாது. கன்னாட் பிளேஸ் வசதியான மையம், வாடகைதான் அதிகம். சாணக்யபுரியில் இருக்கும் தமிழ்நாடு இல்லத்தை நம்பி யாரும் புறப்பட வேண்டாம். அங்கே இடம் அரசு சார்ந்தோருக்கு விதிப்படி ஒதுக்கப்படுவது. எங்கே தங்கினாலும் பெரியவர்கள் அனைவரும் அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மெட்ரோவும் ஆட்டோவும்

2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய தில்லி மெட்ரோ இல்லாவிட்டால் இந்தத் திட்டமே நடவாது. மூன்று தடங்களை மட்டும் மனத்தில் வைத்தால் போதும். சாந்தினி சௌக்கிலிருந்து குதுப்மினார் வரை நேராகத் தெற்கே ஓடுவது மஞ்சள் தடம். செங்கோட்டை, ஜாமா மசூதி வாசல்களுக்கே கொண்டுபோய் விடுவது வயலட் தடம். கரோல்பாகிலிருந்து நகர மையத்துக்கு வருவது புளூ தடம். மஞ்சளும் புளூவும் ராஜீவ் சௌக்கில் சந்திக்கின்றன. காலை 9 மணியிலும் மாலை 6 மணியிலும் அங்கே மாறுவது திருவிழாக் கூட்டத்தில் தேர்வடம் பிடிப்பதற்கு ஒப்பானது. குழந்தைகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, எந்தத் தடத்துக்குப் போகிறோம் என்பதைத் தரையில் ஒட்டியிருக்கும் வண்ணக் காலடிகளைப் பார்த்துத் தொடருங்கள். ரயில் செல்லும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். குடும்பமாக வருவோர் அதில் தெரியாமல் ஏறி, ஆண்கள் அடுத்த நிலையத்தில் இறங்க நேர்வதைப் பார்க்கலாம். ஸ்மார்ட் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்க வேண்டாம்; ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டில் இருவர் செல்ல இயலாது.

மெட்ரோ நிலையத்திலிருந்து நினைவுச் சின்னம் வரையிலான கடைசித் தொலைவுக்குத்தான் ஆட்டோவும் மின் ரிக்‌ஷாவும். குதுப்மினார் நிலையத்தில் இறங்கினால் மினார் கண்முன்னே நிற்காது. இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மீட்டர் போடச் சொன்னால் பெரும்பாலான ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். செயலியில் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டு, 'பையா, இத்னா தேங்கே' (அண்ணா, இவ்வளவு தருவோம்) என்று அதே தொகையைச் சொல்லுங்கள். பேரம் அங்கேயே முடிந்துவிடும். 'ஏக் துகான் திகா தேங்கே' (ஒரு கடையைக் காட்டுகிறேன்) என்று இடையில் கடைக்கு அழைத்துச் செல்ல முன்வருபவரின் வண்டியில் மட்டும் ஏற வேண்டாம். கடைக்காரர் தரும் கமிஷனும் உங்கள் அரை மணி நேரமும்தான் அந்தக் குறைந்த வாடகையின் காரணம்.

தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களுக்கு இணையத்தில் நுழைவுச்சீட்டு வாங்கலாம். வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டிலும் வாங்கலாம். 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டில் வரும் உறவினர்கள் கடவுச்சீட்டைக் காட்டி, இந்தியர்களுக்கான கட்டணத்திலேயே சீட்டு வாங்கலாம். சார்க் நாட்டவருக்கு அந்தச் சலுகை உண்டு. இதை அறியாமல் வெளிநாட்டவர் வரிசையில் நிற்போர் பலர்.

முதல் நாள்: ஷாஜகானின் ஊர்

காலையில் லால் கிலா (செங்கோட்டை) மெட்ரோவில் இறங்கி, கோட்டை திறந்தவுடன் உள்ளே செல்லுங்கள். 1638இல் தொடங்கி 1648இல் முடிந்த கோட்டை இது. லாகூரி வாயிலைக் கடந்ததும் வரும் கூரையிட்ட கடைவீதி அன்று அரண்மனைப் பெண்களுக்குப் பட்டும் நகையும் விற்ற இடம். இன்று சாவிக்கொத்தும் சுடிதாரும் விற்கிறது. அங்கே நிற்காமல் நௌபத் கானா எனும் முரசு மண்டபம் வழியாக, அரசன் பொதுமக்களைச் சந்தித்த திவானே ஆம், தனிச் சபை கூட்டிய திவானே காஸ் மண்டபங்களுக்குப் போய்விடுங்கள். 'வெளியே இவ்வளவு பெரிய மதில், உள்ளே ஒன்றுமில்லையே' என்பது வந்துபோகும் எல்லோரும் சொல்லும் குறை. 1739இல் நாதிர்ஷா மயிலாசனத்தைக் கொண்டுபோனான். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினர். மண்டபங்களுக்கு நடுவே வெறும் புல்வெளியாகத் தெரிவது அந்த இடிப்பின் விளைவே. காஸ் மகாலின் சலவைக்கல் திரையை மட்டும் தவறவிடாதீர்கள்: காகிதம்போல் மெலிந்த வெட்டுவேலைக்கு மேலே, பிறைகளும் விண்மீன்களும் சூழ ஒரு துலாக்கோல் செதுக்கப்பட்டிருக்கும். அரசன் வழங்கும் நீதிக்கு அடையாளமாக வைத்தது. படைவீரர் குடியிருப்புகளில் ஒன்றில் நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அப்படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம் என்பதால், நம்மவர்கள் அங்கே கூடுதலாகச் சிறிது நேரம் செலவிடலாம். 1945இல் தொடங்கிய அவ்வீரர்கள் மீதான வழக்கு விசாரணையும் இதே கோட்டைக்குள்தான் நடந்தது.

கோட்டையிலிருந்து வெளியே வந்தால் எதிரே சாந்தினி சௌக். ஷாஜகானின் மகள் ஜகானாரா அமைத்த வீதி. பகலில் மோட்டார் வண்டிகளை அனுமதிக்காததால் நடந்தே பார்க்கலாம். பறவைகளுக்கு மருத்துவமனை நடத்தும் சமணக் கோயில், கௌரிசங்கர் கோயில், குரு தேக் பகதூர் 1675இல் உயிர்நீத்த இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, மேற்கே வீதி முடியுமிடத்தில் ஃபதேபுரி மசூதி என்று ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் அனைத்தும் அடுத்தடுத்து வரும். வெள்ளி நகைக்கு தரீபா சந்து, சரிகைக்கும் கல்யாண அலங்காரப் பொருள்களுக்கும் கினாரி பஜார். ஃபதேபுரிக்கு அப்பால் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகள் இறங்கும் நேரத்தில் நுழைந்தால் கடைக்காரரிலிருந்து கழுதை வண்டிக்காரர் வரை எல்லோரும் தும்மிக்கொண்டே வியாபாரம் பேசுவதைக் காணலாம். கைக்குட்டை இல்லாமல் போகாதீர்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, இங்கே வந்தும் மூன்று வேளையும் இட்லி, தோசை தேடுவது பயணத்தின் பாதியை இழப்பதாகும் என்பது என் கருத்து. பராட்டா சந்தில் எண்ணெயில் பொரித்துத் தரும் பராட்டாக்களை நாம் தோசைக்கல்லில் சுடும் பராட்டாவோடு ஒப்பிட வேண்டாம். இருவருக்கு ஒரு தட்டு வாங்கி ருசித்தால் போதும். குளிர்காலத்தில் மட்டும் தெருவில் விற்கும் 'தௌலத் கி சாட்', பால் நுரையில் குங்குமப்பூ தூவிய இனிப்பு. வெயில் ஏறினால் கரைந்துவிடும் என்பதால் முற்பகலிலேயே தேடுங்கள். அசைவர்கள் ஜாமா மசூதியின் 1ஆம் வாயிலுக்கு எதிரே உள்ள சந்துகளில் மதிய உணவை வைத்துக்கொள்ளலாம்.

1656இல் கட்டி முடித்த ஜாமா மசூதிக்குப் பிற்பகல் தொழுகை முடிந்தபின் செல்லுங்கள். காலணியைக் கழற்ற வேண்டும். வெயில் காலத்தில் அந்தச் செம்மணற்கல் முற்றத்தில் வெறுங்கால் வைக்க முடியாது. பையில் ஒரு ஜோடி காலுறை வைத்திருப்பவர் பிழைத்தார். கையும் காலும் மூடிய உடை தேவை.

இரண்டாம் நாள்: ஆங்கிலேயர் கட்டிய தலைநகர்

1911 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, லட்யன்ஸ், பேக்கர் ஆகிய கட்டடக் கலைஞர்களின் திட்டப்படி எழுந்து, 1931 பிப்ரவரியில் திறக்கப்பட்டது புது தில்லி. காலையில் கன்னாட் பிளேஸ் அருகிலுள்ள ஜந்தர் மந்தரிலிருந்து தொடங்கலாம். 1724இல் ராஜா ஜெய்சிங் கட்டிய இந்த வானியல் கருவிகள் நிழலைக் கொண்டு நேரத்தைக் காட்டுபவை, ஆகவே மேகமூட்டமான நாளில் போனால் வெறும் சிவப்புச் சுவர்களாகத்தான் தோன்றும். பக்கத்திலேயே பங்களா சாஹிப் குருத்வாரா. தலையை மூடத் துணி தருவார்கள், லங்கர் எனும் பொது உணவுக்கூடத்தில் யாரும் எந்தக் கட்டணமும் இன்றிச் சாப்பிடலாம்.

பகல் வெயிலை தேசிய அருங்காட்சியகத்தில் கழியுங்கள். எல்லா அறைகளையும் பார்க்க முயல்வது வீண். இரண்டை மட்டும் குறிவையுங்கள். சிந்துவெளிக் கூடத்தில் இருக்கும் மொகஞ்சதாரோ நடனமங்கை ஒரு சாணுக்கும் குறைவான உயரம் என்பதைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்களால் நம்ப முடியாது. வெண்கலச் சிற்பக் கூடத்தில் சோழர் காலப் படிமங்களையும், அவற்றுள் புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவரங்குளம் நடராசரையும் பாருங்கள். தூக்கிய திருவடி இல்லாமல், முழங்கால்களை விரித்து மடக்கி ஆடும் சதுர தாண்டவக் கோலம் அது. சிதம்பரத்துக் கோலத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதிதாக இருக்கும்.

மாலையில் கர்தவ்ய பாதையில் நடந்து, 42 மீட்டர் உயர இந்தியா கேட்டையும் அதற்குப் பின்னாலுள்ள தேசியப் போர் நினைவகத்தையும் அடையுங்கள். 2019இல் திறந்த இந்நினைவகத்துக்குக் கட்டணம் இல்லை. விடுதலைக்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்கள் வட்டச் சுவர்களில் கருங்கற்களில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பெயர்களைத் தேடிக்கொண்டே நடப்பவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். குடியரசுத் தலைவர் மாளிகையை உள்ளே பார்க்க இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். நாடாளுமன்றத்தில் 2023 மே 28இல் நிறுவிய செங்கோலைப் பார்க்க ஆசைப்படுவோர் உண்டு. அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்த வளாகத்துக்குள் நுழைய முடியாது.

மூன்றாம் நாள்: ஹுமாயூனிலிருந்து குதுப் வரை

இந்த நாளுக்காகவே தில்லிக்கு வரலாம் என்பேன். காலையில் ஜே.எல்.என். ஸ்டேடியம் மெட்ரோவிலிருந்து ஆட்டோ பிடித்து ஹுமாயூன் கல்லறைக்குச் செல்லுங்கள். உள்ளே நுழைந்தவுடன் நேராகப் போய்விடாமல், வலப்பக்கம் திரும்பி 1547ஆம் ஆண்டு எண்கோணக் கட்டடமான ஈசா கான் கல்லறையை முதலில் பாருங்கள். நீல ஓட்டுப் பதிப்புகள் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிறகு ஹுமாயூனிடம் வந்தால் கட்டடக்கலை எவ்வளவு தூரம் தாவியிருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். கணவருக்காக பேகா பேகம் எழுப்பிய இக்கல்லறை 1570களின் தொடக்கத்தில் முடிந்தது. தாஜ்மகாலுக்கு இதுவே முன்மாதிரி. கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் 1857இல் பிடிபட்டதும் இங்கேதான். பக்கத்திலுள்ள சுந்தர் நர்சரியில் மர நிழலில் மதியச் சாப்பாட்டை முடிக்கலாம்.

பிற்பகல் மூன்றரை மணியளவில் குதுப் வளாகத்துக்குள் இருந்தால், சாயும் வெயிலில் செம்மணற்கல்லின் நிறம் மாறுவதைப் பார்க்க நேரம் கிடைக்கும். 72.5 மீட்டர் உயர மினாரை குத்புதீன் ஐபக் தொடங்க, இல்துத்மிஷ் முடித்தார். மின்னல் தாக்கியபின் 1369இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் மேல் அடுக்குகளைச் சீர்செய்தார். 1981இல் உள்ளே நெரிசலில் பலர் இறந்ததிலிருந்து யாரையும் மேலே ஏறவிடுவதில்லை. மினாரை அண்ணாந்து பார்த்த கையோடு திரும்பிவிடாமல் மசூதி முற்றத்துத் தூண்களின் அருகே செல்லுங்கள். 27 கோயில்களை இடித்த கற்களால் கட்டியதாக வாசல் கல்வெட்டே கூறுகிறது; சங்கிலியில் தொங்கும் மணிகளும் பூரணகும்பங்களும் தூண்களில் அப்படியே இருக்கின்றன. நடுவில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது, எடை 6 டன்னுக்கும் மேல். அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துரு மேலும் அரிக்காமல் தடுத்துவந்திருக்கிறது.

அங்கிருந்து மஞ்சள் தடத்தில் ஹௌஸ் காஸ் வந்து, மெஜந்தா தடத்துக்கு மாறினால் ஆர்.கே.புரத்திலுள்ள மலை மந்திர் செல்லலாம். குன்றின் மேல் சுவாமிநாதர். கீழே மீனாட்சி, சுந்தரேசுவரர் சன்னதிகள். மாலைப் பூசை நேரத்தில் சுற்றிலும் தமிழ் கேட்கும். அதே ஆர்.கே.புரத்தில்தான் தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது. இசை நிகழ்ச்சியோ நாடகமோ நடக்கும் நாளாக அமைந்தால் எட்டிப் பார்க்கலாம்.

தவிர்க்கலாம் என்று தோன்றுபவை

அக்ஷர்தாம் 2005இல் திறந்த கோயில். கைபேசியும் பையும் உள்ளே அனுமதியில்லை, அவற்றை ஒப்படைக்கும் வரிசையும் சோதனையும் சேர்த்து அரைநாள் போய்விடும். தஞ்சையும் மதுரையும் பார்த்து வளர்ந்தவர்கள் மூன்று நாள் பயணத்தில் இதை விட்டுவிடலாம் என்பது என் துணிபு. உறவினரில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. தாமரைக் கோயிலின் அழகு வெளியிலிருந்து தெரிவதுதான். நான்காம் நாள் கிடைத்தால் இவ்விரண்டையும் விட, ஓய்வாக லோதி தோட்டத்திலும், காந்தியடிகள் தம் இறுதி 144 நாள்களைக் கழித்த காந்தி ஸ்மிருதியிலும் செலவிடுவேன்.

திரும்பும் நாள்

விடியற்காலை விமானமானால் மெட்ரோவை எதிர்பார்க்க முடியாது. இரவே வாடகைக் காரைப் பதிந்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் கிளம்புவோர் விடுதியிலிருந்து புறப்படும் முன் ரயிலின் நிலவரத்தைச் செயலியில் பார்க்க வேண்டும். தில்லியிலிருந்தே கிளம்பும் வண்டியானாலும், வரவேண்டிய அதன் இணை ரயில் தாமதமானால் இதுவும் தாமதமாகும். நடைமேடைக் குளிரில் குழந்தைகளோடு காத்திருப்பதைவிட அறையை அரைநாள் நீட்டித்துக்கொள்வது மலிவு. வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொள்வோர் கரோல்பாகில் முதல் நாள் இரவே சொல்லிவைத்தால், தயிர்சாதமும் புளிசாதமும் காலையில் பொட்டலமாகக் கிடைக்கும்.